சீர்த்தட்டும் பன்னிரண்டாயிரம் பேரும்

இடுப்பில் செருகியிருந்த போன் முதல் தடவை உர்ரென்று அதிர்ந்தபோது அங்கயற்கண்ணிக்கு உச்சந்தலை வரைக்கும் சிலிர்த்துவிட்டது. ஆரம்பிச்சிருச்சு, ஆரம்பிச்சிருச்சுடி என்று உள்ளே ஒருத்தி குதித்தாள். குதித்து என்ன பிரயோஜனம், ரெண்டு கையிலும் சீர்த்தட்டு இருந்ததே. லேசுப்பட்ட தட்டா அது? அடியில் மாம்பழம், அதற்கு மேல் ஆப்பிள், உச்சியில் கிரீடம் மாதிரி ஒரு அன்னாசிப்பழம், எல்லாவற்றையும் கண்ணாடித்தாளில் சுற்றி ரோஸ் கலர் ரிப்பன் கட்டி, தூக்கினால் பாதி முகம் மறைகிற உயரத்துக்குக் கொழுந்தன் செல்லப்பாண்டி அடுக்கி வைத்திருந்தான். நாத்தனார் முருகேஸ்வரியின் மகளுக்கு இன்றைக்குக் காதுகுத்து. அங்கயற்கண்ணியின் புருசன் பால்பாண்டிதான் தாய்மாமன். பிள்ளையார் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு உறுமி மேளத்தோடு தெருத்தெருவாக நடந்து மண்டபத்தில் சீரை இறக்க வேண்டும், தாய்மாமன் பொண்டாட்டிக்குத்தான் முதல் தட்டு, முதல் தட்டை வழியில் எங்கேயும் இறக்கவும் கூடாது, இன்னொருத்தி கைக்கு மாற்றவும் கூடாது. மாமியார் ஒச்சம்மா இதைக் கோயில் வாசலிலேயே அழுத்திச் சொல்லியாகிவிட்டது. சரி, நடப்போம், போடி டவுன் என்ன மெட்ராசா, எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது என்றுதான் அவளும் நினைத்தாள். மறுபடியும் உர்ர். அப்புறம் உர்ர் உர்ர் என்று சேர்ந்தாற்போல் ரெண்டு. ஐயோ, ஓடுது, வீடியோ ஓடுது, வேனில் வரும்போது போட்டது, சாமி கும்பிட்டு முடிக்கிற நேரம்தான் ஆகியிருக்கும், அதற்குள் பிடித்துக்கொண்டதே. முதல் ஒரு மணி நேரம்தான் எல்லாம், அதில் வருகிற கமெண்ட்டுக்குச் சுடச்சுடப் பதில் போட்டால்தான் வீடியோ நாலு பக்கமும் பரவும், விட்டுவிட்டால் ஆறிப்போன வடை, ஒருத்தரும் தொடமாட்டார்கள், இது அவள் பட்டுப் படித்த பாடம். அந்த ஒரு மணி நேரம் பார்த்துத்தானா அன்னாசிப்பழத்தைச் சுமக்க வேண்டும்?

உர்ர். இது யாராக இருக்கும், மஸ்கட்டில் லாரி ஓட்டுகிற தம்பியாக இருக்கும், அவன்தான் முதலில் வருவான், வந்து ‘அக்கா வணக்கம், இன்னிக்கு என்ன தலகாணி’ என்று கேட்பான். இது அந்தக் கோயம்புத்தூர் நர்ஸ், நைட் டூட்டி முடிந்து இப்போதுதான் ரூமுக்கு வந்திருப்பாள். இது புதுசு, இந்த உர்ரில் ஒரு தயக்கம் இருக்கிறது, புது ஆள்தான். போன் அதிர்வதில் தயக்கம் என்ன தயக்கமில்லாதது என்ன, கிறுக்கச்சி, என்று தன்னையே திட்டிக்கொண்டு சிரித்தாள், பக்கத்தில் வெற்றிலைத் தட்டோடு வந்த சின்ன மாமியார், மருமகளுக்கு என்ன இம்புட்டு சந்தோசம் என்பதுபோல் திரும்பிப் பார்த்தது. சந்தோசமில்லாமல் என்ன? ‘கண் அசரும் நேரம்’ என்று அவள் பேர் வைத்துத் தொடங்கிய பேஜை ஆரம்பத்தில் பார்த்தது மொத்தம் ஏழு பேர், அதில் ஆறு பேர் அவளேதான். கடை மாடியில் இலவம்பஞ்சு குவித்துக் கிடக்கும், மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் கீழே மாமியார் படுத்திருக்கும், வேலையாட்கள் டீக்குப் போயிருப்பார்கள், அந்த நேரம் பார்த்துப் போனைப் பஞ்சு மூட்டை மேல் சாய்த்து வைத்துவிட்டுக் கையை மட்டும் காட்டி எடுப்பாள். பஞ்சைப் பிய்க்கிறது, கொட்டையை உதிர்க்கிறது, உறைக்குள் அமுக்குகிறது, மூலையைக் குத்தி விடுகிறது, பேச்சும் அதோடு கூடவே. மாமியார் முழித்துவிடக் கூடாதே என்று மூச்சுக்குள் பேசியதைத்தான், ‘என்ன குரல்க்கா இது, கேக்கும்போதே கண்ணு சொக்குது’ என்று ஊர் உலகம் எழுதியது. குரலாவது ஒன்றாவது, பயம்! ஆனால் அவள் எதுவும் மறுத்துச் சொல்லவில்லை, பயத்துக்கு இப்படி ஒரு விலை கிடைக்கும் என்று தெரிந்தால் யார்தான் மறுப்பார்கள். அப்புறம் ஒருநாள் ஒரு அம்மா கேட்டது: வீட்டுக்காரர் தவறிட்டாரு, அவர் தலகாணிய என்ன செய்றதுன்னு தெரியல, எல்லாரும் தூக்கிப் போடுன்றாங்க. அங்கயற்கண்ணி அன்றைக்கு உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள், கையைத் துடைத்துக்கொண்டு, ‘போடாதீங்கம்மா, தொவைக்கவும் செய்யாதீங்க, மேல ஒரு புது உறையப் போட்டு வச்சுக்கோங்க, வாசம் உள்ள இருக்கும்’ என்று எழுதிவிட்டு மறுபடி மாவைத் தள்ளப் போய்விட்டாள். அந்த ஒரு பதிலை யாரோ படம் பிடித்துப் போட்டு, அது எங்கெங்கேயோ போய், விடியும்போது ஆயிரம் ஆயிரமாக ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு அவள் அழுத அழுகை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படி அழவில்லை. இப்போது பன்னிரண்டாயிரம் பேர். போடியில் பாதித் தெருக்கள் அவளுக்குள் குடியிருக்கிற மாதிரி இருந்தது.

உறுமிக்காரர்கள் பஸ் ஸ்டாண்ட் முக்கில் நின்றுவிட்டார்கள். இனி பங்காளி வீட்டுப் பையன்கள் ஆடி முடிக்காமல் சீர் நகராது. தட்டு கனத்தது, முழங்கையில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. உர்ர் உர்ர் உர்ர். ஐயோ சாமி, போதும், கொஞ்சம் பொறுங்க, வந்துர்றேன், எல்லாருக்கும் பதில் போடுறேன், ஒருத்தருக்கும் வெறும் கும்பிடு பொம்மை போட்டு விட்டதில்லையே நான். பொம்மை போடுவதெல்லாம் செல்லப்பாண்டி. கடைக்கு என்று ஒரு பேஜ் இருக்கிறதே, ஒச்சாண்டம்மன் மெத்தை இல்லம், அதை அவன்தான் பார்க்கிறான், கை ஒழியாதபோது இவள் போனிலிருந்தும் போடச் சொல்வான், அவன் பார்க்கிற அழகைச் சொல்ல வேண்டுமே! ஆடிப்பெருக்கா, ஒரு போஸ்டர், நடுவில் அம்மன், ஓரத்தில் கூலிங் கிளாஸ் போட்டுக் கைகூப்பி நிற்கிற செல்லப்பாண்டி. அப்பா தினமா, அதே செல்லப்பாண்டி, அதே கும்பிடு. போட்டதும் ஃபேமிலி குரூப்பில் ஒரு சத்தம், எல்லாரும் போய் லைக் போடுங்கப்பா, உடனே ‘சூப்பர் மாப்ள’, ‘வாழ்த்துகள் பங்காளி’, ‘கலக்குறடா மச்சான்’. வீடியோவைப் பார்க்காமலே லைக், பார்த்தாலும் லைக். லைக் போடுகிற ஒருத்தரும் கடைக்கு வந்து ஒரு தலகாணி வாங்கியதில்லை, நம்ம கடைதானே, எப்ப வேணும்னாலும் எடுத்துக்கலாம் என்று ஒரு நெனப்பு. பேஜும் என்ன செய்யும் பாவம், பார்க்கிறதெல்லாம் சொந்தக்காரர்களாய் இருக்க, சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்களிடமே போய்ப் போய் நின்றது. அதைப் பார்த்துத்தான் அங்கயற்கண்ணி முடிவு பண்ணினாள், நம்ம பேஜுக்குள் ஒரு சொந்தக்காரன் தலை தெரியக் கூடாது, முகம் கூடாது, பேர் கூடாது, கடை பேர் கூடவே கூடாது. பால்பாண்டியிடம் சொல்லலாம்தான், தங்கமான மனுசன், சந்தோசப்படுவான், ஆனால் அந்தச் சந்தோசத்தை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதே அவனுக்கு, ராத்திரிக்குள் தம்பிக்குப் போய்விடும், விடிந்தால் பாஸ்வேர்டு தம்பி கையில், அடுத்த நாளே பன்னிரண்டாயிரம் பேருக்கும் கூலிங் கிளாஸ் கும்பிடு. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கடை பேர் தெரிந்தால் அந்த ஜனங்கள் என்ன நினைக்கும்? அடச்சே, தலகாணி விக்கத்தானா இந்தக் கொஞ்சல், இதுக்குத்தானா எங்க கதையெல்லாம் கேட்ட? விற்க மாட்டேன் என்றில்லை, ஒருநாள் சொல்லித்தான் ஆக வேண்டும், மாடியில் தேங்கிக் கிடக்கிற பஞ்சுக்கும் வழி வேண்டுமே, ஆனால் அந்த நாளை அவள்தான் குறிப்பாள், எப்படிச் சொல்வது என்று வார்த்தை வார்த்தையாக யோசித்து, மெதுவாக, அவர்கள் மனசு கோணாமல். அதுவரைக்கும் அது அவளுடையது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு மட்டும் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஆட்டம் முடிந்து சீர் நகர்ந்தது. செல்லப்பாண்டி முன்னால் போய்ப் பின்பக்கமாக நடந்தபடி போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வந்தான். “மதினி, சிரிங்க மதினி, அன்னாசிப்பழத்துக்குப் பின்னாடி ஒளியாதீங்க.” சிரித்தாள். இன்றைக்குச் சிரிக்கச் சொல்ல வேண்டியதே இல்லை. “ஆமா மதினி, காதுகுத்துப் போஸ்டரக் கடை பேஜ்ல போடச் சொன்னேன்ல, போட்டீங்களா இல்லையா?” போட்டுட்டேன் தம்பி, வேன்ல வர்றப்பவே போட்டுட்டேன். “எங்க போட்டீங்க, அதக் காணோமே. அங்க எவளோ ஒருத்தி கையி மட்டும் தலகாணியத் தட்டிக்கிட்டுக் கெடக்கு, குசுகுசுன்னு என்னமோ பேசுது. ஹேக் பண்ணிட்டாய்ங்களா என்னன்னு தெரியல. சாயங்காலம் பாத்து அழிச்சுவிடணும்.” சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு மேளக்காரர்களைப் படம் பிடிக்கப் போய்விட்டான். அங்கயற்கண்ணியின் கால் மட்டும் நடந்தது. எவளோ ஒருத்தி கை. என் கை. என் கை கடை பேஜில் கிடக்கிறது என்றால், வேனில், ஆமாம், வேனில் மாமியார் தோள் ஒரு பக்கம் இடிக்க, இந்தப் பக்கம் தேங்காய்க் கூடை, ஒரே போனில் ரெண்டு பேஜும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறக் கீழே இருக்கிற வட்டத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும், அழுத்திப் பிடித்தாள், அந்த நேரம் பார்த்து வேன் ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியது, கூடை சரிந்தது, கூடையைப் பிடித்தாளா வட்டத்தைப் பிடித்தாளா, மாறிவிட்டது என்று நினைத்துத்தான் முதலில் தன் வீடியோவைப் போட்டாள், திருப்பியும் மாற்றிப் போஸ்டரைப் போட்டாள், ஆக வீடியோ கடை பேஜில், அப்படியென்றால் போஸ்டர். அடி ஆத்தீ.

போஸ்டர் அங்கே. பன்னிரண்டாயிரம் பேர் வீட்டுக்குள் போஸ்டர். நடுவில் கவுன் போட்ட பாப்பா, மேலே ஒச்சாண்டம்மன், வலது பக்கம் தாய்மாமன் பால்பாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு, இடது பக்கம் செல்லப்பாண்டி, வேறென்ன, கும்பிடு, கீழே கொட்டை எழுத்தில் கடை பேர், போடி, மண்டபத்தின் பேர், அனைவரும் வருக நல்லாசி தருக, அப்புறம் பால்பாண்டி பக்கத்தில் ஒட்டினாற்போல் அவள் போட்டோ, ரிசப்ஷனில் எடுத்தது, பாதிக் கண் மூடி, தூங்கி விழுகிற முகம், அதற்குக் கீழே பேர் வேறு, அங்கயற்கண்ணி பால்பாண்டி. எந்த முகத்தைப் பொத்திப் பொத்தி வைத்தாளோ அந்த முகம். அதுவும் அந்த போட்டோ! இத்தனை நேரம் அதிர்ந்ததெல்லாம் அதுக்கா? மஸ்கட் தம்பி என்ன எழுதியிருப்பான், அக்கா இது என்னக்கா கடை விளம்பரம், நீங்களும் இவ்வளவுதானா என்றா? நர்ஸ் என்ன எழுதுவாள்? அந்த அம்மா, புது உறை போட்ட அந்த அம்மா, அது என்ன நினைக்கும், என் புருசன் தலகாணியையும் வியாபாரமாக்கிட்டாளே என்றா? இல்லம்மா, சத்தியமா இல்லம்மா, அன்னிக்கு நான் மாவாட்டிக்கிட்டு இருந்தேன், மனசுல வந்ததத்தான் சொன்னேன். உர்ர். வைகிறார்கள். உர்ர் உர்ர். ரெண்டு பேராக வைகிறார்கள். தட்டை இறக்கி வைத்துவிட்டு ஒரே ஒரு நிமிசம், அழித்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டால் என்ன? முன்னால் மாமியார் போகிறது, முதுகில் கண் இருக்கிற மாமியார். “ஏங்க” என்று பால்பாண்டியைக் கூப்பிட்டாள், அவன் மாலையும் கழுத்துமாக உறுமிச் சத்தத்துக்குத் தலையை ஆட்டிக்கொண்டே போனான், எங்கே கேட்கிறது. போனை எடுத்து அவனிடம் கொடுத்தால்கூட வட்டத்தை அழுத்தத் தெரியுமா அவனுக்கு. உர்ர் நின்றுவிட்டது. ஏன் நின்றது? இப்போது பயம் வேறு மாதிரி ஏறியது. வைதால் போன் அதிரும், ஆனால் விட்டுவிட்டுப் போகிறவர்கள் சத்தம் போடுவதில்லை, ஒருத்தர் பேஜை விட்டுப் போனால் போனுக்குத் தெரியாது, இடுப்புக்குத் தெரியாது, இந்த அமைதியில்தான் ஆயிரம் பேர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருப்பார்கள். போங்க, போறதுன்னா போங்க, என்று ரோசம் வந்தது, உடனே போயிராதீங்க என்று கெஞ்சலும் வந்தது. சை, என்ன பொழப்பு, முகம் தெரியாத ஆட்களுக்காக நடுத்தெருவில் இப்படிப் பதறுகிறோமே என்று நினைத்தாள், முகம் தெரியாமல் இருந்தது அவர்களா நானா, நான்தானே. அவர்கள் பிள்ளை முகத்தைக் காட்டினார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலைக் காட்டினார்கள், தூக்கம் வராத கண்ணை அப்படியே காட்டினார்கள். காட்டாமல் இருந்தது நான் ஒருத்தி. அப்போது இன்னொன்று தோன்றியது: இப்போ தெரிஞ்சுருச்சுல்ல, நான் யாருன்னு. இத்தனை நாளாக எப்படிச் சொல்வது, எப்படிச் சொல்வது என்று வார்த்தை பொறுக்கிக்கொண்டிருந்ததை ஒரு ஸ்பீடு பிரேக்கர் சொல்லிவிட்டது. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது, கண்ணிலும் தண்ணீர், துடைக்கக் கை இல்லை. உர்ர்ர்ர்ர். இந்தத் தடவை நிற்கவே இல்லை, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு அதிர்ந்து இடுப்பே மரத்துப்போனது. வைங்க, வாழ்த்துங்க, எது வேணும்னாலும் பண்ணுங்க, இருக்கீங்கல்ல, அது போதும் என்று நினைத்தபடி மண்டபத் தெருவுக்குள் திரும்பினாள்.

மண்டப வாசலில் ஆரத்தியோடு முருகேஸ்வரி நின்றிருந்தாள். முந்திக்கொண்டு போன செல்லப்பாண்டி பன்னீர்ச் செம்போடு வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தான், அவன் எதிரே வெயிலில் வந்து சிவந்த முகத்தோடு ஒரு பெண், பின்னால் மொபெட்டை நிறுத்திவிட்டு ஹேண்டில் பாரை விடாமல் கூச்சத்தோடு நிற்கிற அவள் புருசன். “மெத்தை வேணும்னா நாளைக்குக் கடைக்கு வாங்கம்மா, இன்னிக்கு எங்க வீட்டு விசேசம், கடை லீவு” என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். “மெத்தை வாங்க வரலங்க” என்றாள் அந்தப் பெண். “நாங்க சில்லமரத்துப்பட்டி, இங்கன பக்கந்தான். விசேசத்துக்குத்தான் வந்தோம். அவங்கதான் கூப்புட்டிருந்தாங்க.” எவங்க என்று செல்லப்பாண்டி கேட்டான். அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடித்தாளுக்கு மேலே எட்டிப் பார்த்த அங்கயற்கண்ணிக்குப் போஸ்டர் தெரிந்தது, பாதிக் கண் மூடிய தன் முகம் தெரிந்தது. வாயைத் திறந்ததும், வழக்கமாக மாடியில் வருகிற அதே மூச்சுக் குரல்தான் வந்தது. “வாங்க” என்றாள். “வாங்கக்கா.”

அந்தப் பெண் சடாரென்று திரும்பினாள். புருசனைப் பார்த்து, “இந்தா, இந்தக் கொரலுதாங்க” என்றாள், அப்புறம் தட்டைச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்று, அன்னாசிப்பழத்தைப் பார்த்தே பேசினாள். “எனக்குக் கமெண்டெல்லாம் எழுத வராதுக்கா, வெக்கமா இருக்கும். ஒருநாளும் ஒண்ணும் போட்டதில்ல. ராத்திரிக்குக் கேட்டுட்டுப் படுத்துக்குவேன். எம் பெரிய மகன் தவறுனதுக்கு அப்புறம் நான் தூங்குனதே கெடையாது. இப்பத் தூங்குறேன். அதச் சொல்லணும்னு இருந்துச்சு. போஸ்டர்ல போடின்னு பாத்ததும் இவுகள எழுப்பி வண்டிய எடுக்கச் சொல்லிட்டேன்.” மடியில் பொத்தி வைத்திருந்த பொட்டலத்தை எடுத்தாள், பாப்பாவுக்குச் சின்னச் சின்னக் கண்ணாடி வளையல். ஒரு தடவைகூட அதிராத ஆள், என்று அங்கயற்கண்ணி நினைத்தாள். ஒரு லைக் இல்லை, ஒரு பொம்மை இல்லை. இப்படி இன்னும் எத்தனை பேரோ, எந்த எந்த ஊரிலோ, சத்தமே காட்டாமல். கையில் இருக்கிற தட்டு பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது, ஹெல்மெட்டைக் கழற்றாத ஒரு பையன் போனைப் பார்ப்பதும் மண்டபத்துப் பெயர்ப்பலகையைப் பார்ப்பதுமாக நின்றான், ஆட்டோவிலிருந்து மூன்று பெண்கள் இறங்கி முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு இதே வாசலைப் பார்த்து வந்தார்கள். செல்லப்பாண்டி பன்னீர்ச் செம்போடு வாயைப் பிளந்து நின்றான்.

ஒச்சம்மா படியிறங்கி வந்து அந்தப் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தது, மொபெட்டைப் பார்த்தது, ஆட்டோவைப் பார்த்தது, மருமகளின் நனைந்த முகத்தைப் பார்த்தது. “யாருடி இவுகெல்லாம்? எந்த வீட்டு ஆளுக?”

“என் ஆளுக, அத்தை” என்றாள் அங்கயற்கண்ணி, உறுமிச் சத்தத்துக்கு மேலே வாய்விட்டு, மண்டபத்துக்கே கேட்கும்படி. “இன்னும் வருவாக. எலயக் கூடப் போடச் சொல்லுங்க.”